தரங்கம்பாடிக்கு ஒரு ஆடியோ கைடு: வீட்டுக் கம்ப்யூட்டரில் நானே தயாரித்த கதை

தரங்கம்பாடி கிங் ஸ்ட்ரீட்டில் ஒரு தகவல் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, "என்னப்பா எழுதியிருக்கு?" என்று அப்பா கேட்டார். நான் வாசித்துச் சொன்னேன். பாதியில் செல்போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லி அடுத்த இடத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். நாலாவது இடத்தில் அவர், "நீ போய்ப் பார்த்துட்டு வா. நான் இப்படி நிழல்ல உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு கிளாக்கோமா. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் ஓடிய காலத்தில் (1926ல் தொடங்கிய அந்தப் பாதை 1986ல் நிறுத்தப்பட்டது) அதில் ஏறிக் கடல் பார்க்கப் போனவர் அவர். அப்படிப்பட்டவர் நிழலில் உட்கார்ந்துவிட்டதும் எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து, தரங்கம்பாடிக்குத் தமிழில் ஆடியோ கைடு கிடைக்குமா என்று தேடினேன். எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வீடியோக்கள். எல்லாவற்றிலும் "இதோ பாருங்கள்" என்ற வார்த்தை வந்துகொண்டே இருந்தது. சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். செலவு என்று பார்த்தால் பஸ் டிக்கெட்டும் ஒரு மெமரி கார்டும்தான். நேரம் மட்டும் ஒன்றரை மாதம் பிடித்தது.

ஆடியோ கைடு என்பது புதிய சமாச்சாரம் இல்லை. 1952லேயே ஆம்ஸ்டர்டாம் நகரின் ஸ்டெடலிக் மியூசியத்தில் இதைச் செய்துவிட்டார்கள். பதிவு செய்த பேச்சை குறைந்த சக்தியுள்ள ரேடியோ அலையில் ஒலிபரப்புவார்கள். பார்வையாளர்கள் கையில் ஒரு சின்ன ரிசீவர். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பேச்சுதான் கேட்கும் என்பதால், கூட்டம் மொத்தமாக ஒரு படத்தைப் பார்க்கும், பிறகு மொத்தமாக அடுத்த படத்துக்கு நகரும். இன்று நம் கையில் இருக்கும் எம்பி3 பைலில் அந்தக் கஷ்டம் இல்லை. நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம். ஆனால் இதிலும் வேறு விதமான கஷ்டங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல் பதிப்பு படுதோல்வி

புத்தகங்களிலும் இணையத்திலும் திரட்டியதை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றும் ஏழு நிமிடம் ஓடும் பைல்களாகப் பதிவு செய்தேன். வீட்டிலேயே அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். "இடது பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் தெரிவதுதான் டேன்ஸ்போர்க் கோட்டை" என்று என் குரல் கம்பீரமாக ஆரம்பித்தது. அப்பா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"மஞ்சள் இருக்கட்டும். நான் எங்க நிக்கிறேன்?"

அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. கண் தெரிந்தவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. பல ஆடியோ கைடுகள் வரலாற்றை மணிக்கணக்கில் சொல்லும். எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லாது. எனவே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒவ்வொரு பைலையும் மூன்று வரிகளோடு ஆரம்பிக்க முடிவு செய்தேன்: எங்கே நிற்கிறீர்கள், முகம் எந்தத் திசையில், கைக்கு என்ன எட்டும். வரலாறு அதற்குப் பிறகுதான். மொத்தம் மூன்று நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது.

திசை சொல்வதற்குத் தரங்கம்பாடி வசதியான ஊர். 1792ல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்தால் கிங் ஸ்ட்ரீட் நேராகக் கிழக்கே கடலுக்குப் போகிறது. காலை நேரத்தில் வெயில் முகத்தில் பட்டால் கடலைப் பார்த்து நடக்கிறோம் என்று அர்த்தம். கோட்டையிலிருந்து கடற்கரை ஓரமாக வடக்கே மாசிலாமணிநாதர் கோயிலுக்கு நடந்தால், அலைச் சத்தம் வலது காதில் விழும். ஆரம்பத்தில் "இங்கிருந்து இத்தனை அடி நடங்கள்" என்றுகூட எழுதிப் பார்த்தேன். அது உதவவில்லை. வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அப்பா நின்றுவிடுவார், எண்ணிக்கை போய்விடும்.

நகர வாயிலுக்கான பைல் இப்படி அமைந்தது: "நீங்கள் வாயிலின் நிழலுக்குள் நிற்கிறீர்கள். வெயில் நின்றுவிட்டதை உணரலாம். கையை நீட்டிச் சுவரைத் தொடுங்கள். அதன் தடிமன் முடியும் வரை தடவிக்கொண்டே நடங்கள். இனி நீங்கள் டேனிஷ்காரர்களின் ஊருக்குள் இருக்கிறீர்கள்." இதற்குப் பிறகு, 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு ஓவே கெட்டே என்ற கப்பல் தலைவர் இந்த ஊரில் கால் ஊன்றிய கதை ஒரு நிமிடம். 1845ல் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போன கதை அரை நிமிடம்.

எழுதும்போது கவனம் தேவை

பேச்சில் தவறு இருந்தால் அதைக் கேட்பவர் அடித்துத் திருத்த முடியாது. நீங்கள் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு நிற்பார். நான் இரண்டு தவறுகளில் விழப் பார்த்தேன்.

சீயோன் ஆலயம் 1701ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இதை இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் ஆலயம் என்று பல பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படியே பதிவு செய்துவிட்டேன். ஆனால் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680லேயே வந்துவிட்டது. இரண்டாவது, தமிழில் முதல் அச்சுப் புத்தகம் வந்தது தரங்கம்பாடியில்தான் என்பது. அதுவும் சரியில்லை. 'தம்பிரான் வணக்கம்' 1578லேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. 1706 ஜூலை 9ம் தேதி ஹென்றி புளுட்சோ என்பவரோடு இங்கே வந்து இறங்கிய சீகன்பால்க், தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிட்டார். 1714ல் ஆரம்பித்த அந்த அச்சு வேலை 1715ல் முடிந்தது.

நம் பத்திரிகை வாசகர்களுக்கு இதில் ஒரு விஷயம் பிடிக்கும். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் மிகப் பெரியவை. அதே அளவில் முழுப் புத்தகத்தையும் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். பாண்ட் சைஸைக் குறைத்துப் பக்கத்தை மிச்சம் பிடிக்கும் வேலையை நாம் இன்றும் செய்துகொண்டுதானே இருக்கிறோம்! காகிதத்துக்காகப் பக்கத்திலேயே பொறையாறில் ஒரு காகித ஆலையும் ஏற்பட்டது.

இந்தச் சின்ன ஊரில் ஒரே தெருவில் இரண்டு பழைய ஆலயங்கள். சீயோன் ஆலயம் இப்போது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. புதிய எருசலேம் ஆலயம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. 'புதிய' என்ற பெயர் ஏன்? 1707ல் கட்டிய முதல் எருசலேம் ஆலயத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. 1718ல் எழுந்தது இந்த ஆலயம். அடுத்த ஆண்டே, 1719 பிப்ரவரியில், 36வது வயதில் சீகன்பால்க் இறந்து இந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இரண்டும் வழிபாடு நடக்கும் ஆலயங்கள் என்பதை மறக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காதில் இயர்போனோடு போய் நிற்காதீர்கள். உள்ளே எதையும் தொடுவதற்கும் பதிவு செய்வதற்கும் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள். என் பைலிலும் முதல் வரியே, "செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே யாரும் ஜெபம் செய்கிறார்களா என்று ஒரு நிமிடம் காது கொடுங்கள்" என்பதுதான்.

ரெகார்டிங்கும் ஆடாசிட்டியும்

முதலில் கம்ப்யூட்டர் குரலையே படிக்க வைத்துப் பார்த்தேன். தமிழ் டெக்ஸ்ட் டு ஸ்பீச் இன்று நன்றாகவே முன்னேறிவிட்டது. செய்தி கேட்க அது போதும். ஆனால் 'டேன்ஸ்போர்க்', 'புளுட்சோ' என்று வரும்போது தடுக்கி விழுந்தது. தவிர, "சுவரைத் தொடுங்கள்" என்று சொல்லிவிட்டு, தொடுவதற்கு நேரம் கொடுக்காமல் அடுத்த வரிக்கு ஓடிவிட்டது. அதனால் என் குரலிலேயே பதிவு செய்தேன்.

செல்போனின் ரெகார்டரே போதும். பீரோவைத் திறந்து துணிகளுக்கு எதிரே நின்று பேசினால் அறையின் எதிரொலி குறையும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் புஸ் என்று காற்று விழும். ரெகார்டர் செட்டிங்கில் வேவ் பார்மட் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். எம்4ஏ பைலாக இருந்தால் ஆடாசிட்டியில் திறக்க எப்எப்எம்பெக் என்ற லைப்ரரியைத் தனியே நிறுவ வேண்டியிருக்கும்.

ஆடாசிட்டி இலவச சாப்ட்வேர். பைலைத் திறந்ததும், நீங்கள் பேசாமல் இருந்த இரண்டு மூன்று விநாடிப் பகுதியை மவுஸால் செலக்ட் செய்யுங்கள். எபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்‌ஷன் சென்று, கெட் நாய்ஸ் ப்ரொபைல் என்பதை க்ளிக் செய்யுங்கள். பிறகு கண்ட்ரோல் + ஏ அழுத்தி முழுவதையும் செலக்ட் செய்து, மீண்டும் அதே இடத்துக்குப் போய் 12 டெசிபல் என்று வைத்து ஓகே கொடுங்கள். ஒரே சீராக வரும் இரைச்சல்தான் இதில் போகும். நாய்க் குரைப்பு, ஹாரன் சத்தம் எல்லாம் போகாது. அளவை ஏற்றிக்கொண்டே போனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிடும்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது எம்பி3, மோனோ, 64 கேபிபிஎஸ் என்று வையுங்கள். பேச்சுக்கு அது தாராளம். ஒரு நிமிடத்துக்கு அரை எம்பிக்கும் குறைவாகத்தான் வரும். என்னுடைய 11 பைல்களும் சேர்ந்து 31 நிமிடம், சுமார் 15 எம்பி. மோனோ என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பார்வை இல்லாதவருக்குக் காதுதான் கண். இரண்டு காதையும் அடைத்துவிட்டால் பின்னால் வரும் பைக் அவருக்குத் தெரியாது. எனவே ஒரு காதில் மட்டும்தான் இயர்போன். ஸ்டீரியோ பைலாக இருந்தால் ஒரு பக்கத்து ஒலி அவருக்குக் கேட்காமலே போகலாம். மோனோவில் அந்தப் பிரச்சினை இல்லை. கடற்கரையில் நடக்கும்போது இயர்போன் இடது காதில், அலைக்காக வலது காது சும்மா.

ஜி.பி.எஸ். மூலம், குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் தானே பேசத் தொடங்கும்படி செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஐசி டிராவல் போன்ற இலவச சேவைகளில் நீங்களே மேப்பில் புள்ளி வைத்து ஒலிப் பைலை இணைக்க முடியும். ஆனால் திறந்த வானத்தின் கீழேயே செல்போன் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் முன்பின் காட்டும். சுவர் ஓரத்தில் இன்னும் கூடும். "கையை நீட்டித் தொடுங்கள்" என்று சொல்லும் கைடுக்கு 5 மீட்டர் என்பது அடுத்த வீட்டுத் திண்ணை. டச் ஸ்க்ரீனும் அப்பாவுக்குச் சரிப்படவில்லை. பழைய பட்டன் போன் ஒன்றில் மெமரி கார்டைப் போட்டுக் கொடுத்தேன். நடு பட்டனை அழுத்தினால் ஓடும், திரும்ப அழுத்தினால் நிற்கும்.

பட்டன் போனில் இரண்டு சிக்கல்கள் வந்தன. பைல்களுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்திருந்தேன். போன் அவற்றை 1, 10, 11, 2 என்று வரிசைப்படுத்திவிட்டது. 01, 02 என்று மாற்றியதும் சரியானது. சில மலிவு ப்ளேயர்கள் பெயரைப் பார்க்காமல், காப்பி செய்த வரிசையிலேயே பாடும். அப்படியானால் கார்டை பார்மட் செய்துவிட்டு ஒவ்வொன்றாக வரிசையாகக் காப்பி செய்யுங்கள். அடுத்த சிக்கல், ஒரு பைல் முடிந்ததும் அடுத்தது தானே தொடங்கிவிடுவது. ஆலயத்துக்குள் நிற்கும்போதே கோட்டை வந்துவிடும். ஒவ்வொரு பைலின் முடிவிலும் "இப்போது நிறுத்துங்கள்" என்று சொல்லி, ஜெனரேட் மெனுவில் சைலன்ஸ் எடுத்து 20 விநாடி சேர்த்துவிட்டேன். பட்டனைத் தேடி அழுத்த அது போதுமான நேரம்.

இரண்டாவது பயணம்

ஜனவரியில் ஒரு வேலை நாளில் மறுபடி போனோம். நான் அவருக்கு இரண்டடி பின்னால் வந்தேன், வாயைத் திறக்கவில்லை. வாயிலின் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தவர், சுவர் முடிந்ததும் நின்று, திரும்பி வந்து மறுபடி தடவிப் பார்த்தார். "அடேயப்பா, நம்ம வீட்டுச் சுவர் மாதிரி எத்தனை சேர்த்து வைக்கலாம்!" என்றார்.

கோட்டையின் கீழ்த்தளத்து அறை ஒன்றில், "ஒருமுறை கை தட்டிப் பாருங்கள்" என்று பைல் சொல்கிறது. தட்டினார். ஒலி வளைந்த கூரையில் பட்டு உருண்டு வந்தது. உடனே அவர், "இது மனுஷன் இருந்த இடம் இல்லப்பா. மூட்டை அடுக்கின இடம்" என்றார். அடுத்த வரியில் என் குரல், கீழ்த்தளம் கிடங்காகவும் சிறையாகவும் பயன்பட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது. கவர்னருக்கும் சீகன்பால்குக்கும் மோதல் வந்து, 1708ல் அவரை நான்கு மாதம் இந்தக் கோட்டையில் அடைத்து வைத்ததும் அந்தப் பைலில்தான் வருகிறது. சுமார் ஐம்பது ஆண்டுகள் நெல் மூட்டைகளோடு பழகியவர் என்பதால், அறையின் சத்தத்தை வைத்தே அப்பா கண்டுபிடித்துவிட்டார். நான் இரண்டு முறை பார்த்தும் எனக்கு அது வெறும் இருட்டு அறையாகத்தான் இருந்தது.

மாசிலாமணிநாதர் கோயிலில் என் கணக்கு தப்பியது. 14ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் இது. இங்குள்ள கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. தடுப்புக்காகக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரை பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் என்ன பேசுவது என்று எனக்குப் புரியவில்லை. ஊரில் எந்த வீட்டுக்கு எதிரே நின்று அப்பா அதைக் கேட்பாரோ, அந்த வீட்டில் யாரை இழந்தார்களோ. எனவே, பேச்சை நிறுத்திவிட்டு 40 விநாடி அலைச் சத்தத்தை மட்டும் விட்டிருந்தேன். செல்போன் மைக்கில் ஒரு பழைய சாக்ஸை மாட்டிப் பதிவு செய்தது, காற்று இல்லாமல் நன்றாகவே வந்திருந்தது.

அப்பா பத்து விநாடி பொறுத்தார். போனைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கினார். "பேட்டரி போயிடுச்சு போல" என்று நீட்டினார். வலது காதில் நிஜக் கடல், இடது காதில் பதிவு செய்த கடல். அவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்ததும் அந்தப் பைலில் என் கடல் சத்தத்தை முழுக்க வெட்டி எறிந்தேன். அதற்குப் பதில், "சுனாமி வந்த கரை இதுதான். இப்போது இயர்போனைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்கள்" என்று ஒரு வரி வைத்தேன். 40 விநாடிப் பதிவுக்காக ஒரு காலை நேரம் முழுவதும் செலவழித்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

திரும்பும்போது பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது. "உன் கைடுல ரயிலைப் பற்றி ஒண்ணுமே இல்லையே" என்றார் அப்பா. உண்மைதான், நான் அதை எழுதவே இல்லை. ரெகார்டரை ஆன் செய்து அவர் கையில் கொடுத்தேன். எந்த ஸ்டேஷனில் இறங்குவார்கள், கடல் வாடை எந்த இடத்தில் முதலில் அடிக்கும், திரும்பி வரும்போது கூடையில் மீன் கொண்டுவருபவர்களோடு இடம் பிடிக்க என்ன பாடு என்று பேசினார். மூன்று நிமிடம் பத்து விநாடி. நடுவில் ஒரு லாரி ஹாரன், ஒரு முறுக்கு வியாபாரி, அவரிடம் அப்பா விலை கேட்பது எல்லாம் பதிவாகியிருக்கிறது.

அதை 12வது பைலாகச் சேர்த்தேன். பழக்க தோஷத்தில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுப் பார்த்தேன். ஹாரன் அப்படியே இருந்தது, அப்பாவின் குரல்தான் கிணற்றுக்குள் போய்விட்டது. கண்ட்ரோல் + இசட் அழுத்தி, முறுக்கு விலையோடு சேர்த்து அப்படியே எக்ஸ்போர்ட் செய்துவிட்டேன்.